புதிதாக லென்ஸ் போடுபவளுக்கு

மருதானை
12.02.1972

அன்புத் தங்கச்சி மேர்சிக்கு,

நேற்று உன்னை ரயிலேற்றிவிட்டு விடுதிக்கு நடந்து வரும்போது, சொல்லாமல் விட்டவைதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் காட்டித்தந்தபோது நீ தலையை ஆட்டினாயே தவிர, மனம் முழுக்க உன்னைப் பெண் பார்க்க வரும் தன்னாமுனை வீட்டாரிடம் இருந்தது. ஆகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டு.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் லென்ஸைத் தொடாதே. வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். கழுவிய கையைத் துவாயில் துடைத்தால் நூல் ஒட்டும், உதறிக் காயவிடு. நகத்தை ஒட்ட வெட்டு. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் குனிந்து போடு. கிணற்றடியில் வைத்துப் போடாதே, விழுந்தால் மீன் செதிலைத் தேடுவதை விடக் கஷ்டம். வலது லென்ஸில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. எப்போதும் வலதையே முதலில் எடு, மாறாது.

முதல் நாள் இரண்டு மணித்தியாலம் போதும். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டு. கண் கலங்கும், வெளிச்சம் கூசும், இமைக்குள் உமி விழுந்ததுபோல் இருக்கும். அது பழக்கமில்லாத கோளாறு. ஆனால் குத்தி வலித்தாலோ, கண் சிவந்தாலோ, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தாலோ யார் முன்னால் இருந்தாலும் கழற்றிவிடு. கண்ணைக் கசக்காதே. போட்டபடி தூங்காதே. கழற்றியதும் உன் பழைய கண்ணாடியைப் போட்டால் சிறிது நேரம் புகார் மூடியதுபோல் மங்கலாகத்தான் தெரியும், பயப்படாதே.

இன்னொன்று. வாயில் வைத்து ஈரமாக்காதே. இங்கே வரும் சில பெரிய இடத்து நோனாமார் அப்படித்தான் செய்கிறார்கள், எங்கள் முதலாளித் துரை கண்டால் பொரிந்து தள்ளுவார். எவ்வளவு பல் தீட்டினாலும் வாய் வாய்தான். தந்துவிட்ட மருந்துத் தண்ணீரையே பாவித்து ஈரமாக்கு. அது முடிய முன் எழுது, அனுப்புவேன்.

தன்னாமுனையாரிடம் பெரியம்மா சொல்லியிருப்பது உனக்குத் தெரியும்: கொழும்பில் வைத்தியம் செய்து உன் கண் சுகமாகிவிட்டது, இனிக் கண்ணாடி தேவையில்லை. பெரியம்மாவே அப்படித்தான் நம்புகிறார். நம்பட்டும். கண்ணாடி போட்ட பெண் வேண்டாமென்று ஒருமுறை சொன்னவர்கள் இப்போது தாங்களாகவே பார்க்க வருகிறார்கள். அதைக் கெடுக்காதே.

என்னைப் பெண் பார்க்க வந்த மனிசி என் கண்ணாடியைத் தன் கையாலேயே கழற்றி, "இப்ப நான் எத்தின விரல் காட்டுறன் சொல்லு மகள்" என்று கேட்டதை நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். அது உனக்கு நடக்கக் கூடாது.

உன் அக்கா
பீற்றிஸ்

*

புளியந்தீவு
20.03.1972

அன்பு அக்கா,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "பிள்ளை பெத்தவளுக்கும் இவ்வளவு பத்தியமில்லையே" என்றார் அம்மா.

முதல் கிழமை ஏழு நாளும் அழுது தீர்த்தேன். ஒருநாள் இடது லென்ஸ் தெறித்து விழுந்து, அம்மாவும் நானும் முழங்காலில் நின்று தரையைத் தடவிக்கொண்டிருந்தோம். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டார் செபமாலை சொல்கிறோம் என்று நினைத்துத் தாங்களும் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். லென்ஸ் என் தலைமயிரில் இருந்தது.

இப்போது பழகிவிட்டது. நீ ஒன்றைச் சொல்லவில்லை அக்கா. எல்லாம் பெரிதாகிவிட்டன. அந்தத் தடித்த கண்ணாடிக்குள்ளால் நான் இவ்வளவு காலமும் சின்ன உலகத்தைப் பார்த்திருக்கிறேன். என் கை பெரிய கை. அம்மாவின் முகம் பெரிய முகம். நிலைக்கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தபோது யாரோ வேறு பெண் நிற்கிறாள் என்று பின்வாங்கினேன். சோறு வடிக்கும்போது ஆவி மூடவில்லை. கழுத்தைத் திருப்பாமலே ஓரத்தில் போகிற ஆளைத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஹெக்டரும் அவருடைய தாயும் ஒரு மாமாவும். அவர் அம்பாறையில் நில அளவைப் பகுதியில் வேலை, வெள்ளிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவாராம். உயரம். அதிகம் பேசவில்லை. தாய் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மடியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார்.

"இத ஒருக்காக் கோத்துத் தா மகள், எனக்குத் தெரியுதில்ல."

கோத்துக் கொடுத்தேன். ஒரே முறையில். தாய் மாமாவைப் பார்த்தார், மாமா தலையாட்டினார். ஹெக்டர் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். அந்த வெட்கத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பொய் சொன்னதுபோல் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஊசியின் காது உண்மையாகவே தெரிந்ததே. படுக்கப் போகுமுன் லென்ஸைக் கழற்றிய பிறகுதான் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது.

மேர்சி

*

மருதானை
02.04.1972

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்து, வந்திருந்தவர்கள் முன்னாலேயே சிரித்துவிட்டேன். தைமாதம் வரையும் இழுக்காமல் ஆனியிலேயே கலியாணம் என்று அம்மா எழுதியிருக்கிறார். நல்லது. லீவு கேட்டாயிற்று.

நெஞ்சு அடித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். எந்தப் பெண்ணுக்குத்தான் அடிக்காது? வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு பின்னேரம் போகிற மாப்பிள்ளை கிடைத்தது உன் அதிர்ஷ்டம். மற்ற நாட்களில் உன் கண்ணாடியைப் போட்டுக் கண்ணுக்கு ஓய்வு கொடு. மாமியார் கண்டால், தையல் வேலைக்கு மட்டும் என்று சொல்.

கலியாணத்தன்று பூசை முடிந்து படமெடுத்ததும் ஒரு பத்து நிமிடம் அறைக்குள் வா. நான் கழற்றித் துடைத்துப் போட்டுவிடுகிறேன்.

பீற்றிஸ்

*

தன்னாமுனை
17.08.1972

அன்பு அக்கா,

நீ கலியாணத்துக்கு வந்துபோன பிறகு எழுதவில்லை என்று கோபிக்காதே. இங்கே எழுத இடமில்லை. மாமி இன்று வட்டை வயலுக்குப் போயிருக்கிறார், அதனால் இது.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மணலை அள்ளி முகத்தில் அடிக்கிறது. லென்ஸுக்கு அடியில் ஒரு மணல் போனால் உயிர் போய்வருகிறது அக்கா. கழற்றலாம் என்றால் முன்னால் ஆள். வெள்ளி பின்னேரம் அவர் வரமுன் போட்டால், அவர் தூங்கும் வரையும் கழற்ற முடிவதில்லை. சனி, ஞாயிறும் அப்படியே. விடியலில் அவர் எழும்பு முன் எழும்பி, அடுப்படியில் போட்டுக்கொள்கிறேன். திங்களன்று கண் இரண்டும் கொவ்வைப் பழம்.

அவர் நல்லவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன சனிக்கிழமை என் கண் சிவந்து ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, "ஏன் புள்ள அழுற?" என்று கேட்டார்.

"நான் அழல்லயே" என்றேன்.

"நான் வாற நாளையில மட்டும்தான் உனக்குக் கண் சிவக்குது. அம்மாட்டக் கேட்டன். மத்த நாளையில நீ சிரிச்சிக்கிட்டுத் திரியிறியாம்."

புகை என்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

இதற்கு முன் இன்னொன்றும் நடந்தது. ஒரு வியாழக்கிழமை அவருக்கு லீவு கிடைத்து, சொல்லாமல் வந்திருக்கிறார். நான் கண்ணாடியும் இல்லாமல், லென்ஸும் இல்லாமல், வாவிக் கரையில் துணி விரித்துக்கொண்டிருந்தேன். அவர் தோணியில் நின்று கையைக் காட்டியிருக்கிறார். பெயரும் சொல்லிக் கூப்பிட்டாராம், எதிர்க்காற்றில் எனக்குக் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒரு ஆண்பிள்ளை கையைக் காட்டுகிறான் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். என் புருசனை எனக்குத் தெரியவில்லை அக்கா.

அன்றைக்கு இரவுச் சோற்றைச் சாப்பிடாமலே படுத்தார். வேறு யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு கலியாணம் முடித்தேனோ என்று அவருக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிகிறது.

சொல்லிவிடப் போகிறேன். ஏசினால் ஏசட்டும். நீ ஓம், சொல் என்று ஒரு வரி எழுது, எனக்குத் தைரியம் வரும்.

மேர்சி

*

மருதானை
24.08.1972

மேர்சிக்கு,

ஓமென்று எழுத மாட்டேன்.

இப்போதுதான் கலியாணம் முடிந்திருக்கிறது. இப்போது சொன்னால், கண்ணுக்காக அல்ல, ஏமாற்றியதற்காகத் திருப்பி அனுப்புவார்கள். பெரியம்மாவைப் பொய்க்காரி என்பார்கள். அம்மா புளியந்தீவில் கோயிலுக்குப் போக முடியாது. ஒரு பிள்ளை வரட்டும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

அதுவரை புத்தியாக நட. மத்தியானத்தில் தலையிடி என்று சொல்லிப் படு, கதவைச் சாத்திக் கழற்றிவிடு. காற்று நேரத்தில் வெளியே போகாதே. கரையில் நிற்கும்போது யார் கையைக் காட்டினாலும் சிரி. தெரியாத ஆளாயிருந்தால் என்ன, சிரிப்புக்குக் காசா?

கடினமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். உன் வீட்டில் உனக்கென்று ஒரு மனிதன் "ஏன் அழுற" என்று கேட்கிறார். எனக்கு அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. அதை நீ ஒரு வார்த்தையில் உடைத்துவிட நான் விடமாட்டேன்.

பீற்றிஸ்

*

தன்னாமுனை
15.10.1972

அக்காவுக்கு,

அவருக்கு மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரிக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. இந்த மாதம் முதல் ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போய் வருகிறார். மாமி கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். எனக்கும் ஒன்று தந்தார், கொளுத்தினேன்.

செய்தியைச் சொன்னபோது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சந்தோசப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, ஒவ்வொரு நாளுமா, இந்தக் கண் தாங்குமா என்பதுதான். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

புருசன் வீட்டுக்கு வருவதற்குப் பயப்படுகிற பெண்ணாக என்னை ஆக்கிவிட்டாய் அக்கா.

மருந்துத் தண்ணீர் முடிந்துவிட்டது. இரண்டு முறை எழுதினேன், பதிலில்லை. மட்டக்களப்பில் ஒரு கடையிலும் இல்லை. உடனே அனுப்பு.

மேர்சி

*

மருதானை
04.11.1972

அன்புத் தங்கச்சி,

பதில் எழுதாமல் இருந்தது போத்தலுக்காகத்தான். வெறுங்கடிதம் அனுப்ப மனமில்லாமல் இன்று வரும் நாளை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வருவதில்லை. கடையில் மிஞ்சியதையும் துரை பூட்டி வைத்திருக்கிறார். கடைசியில் வாய்விட்டுக் கேட்டு ஒரு போத்தல் வாங்கினேன். பார்சலில் வருகிறது. அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு கல் உப்புப் போட்டு, ஆறவிட்டு, மூடிவைத்துப் பாவி. கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாகப் பாவிக்காதே.

இன்னொன்று எழுத வேண்டும். உன் கடைசிக் கடிதத்தின் ஒரு வரி என்னை விடவில்லை. எந்த வரி என்று உனக்குத் தெரியும்.

சொல்லிவிடு மேர்சி. பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டாம். அக்காதான் செய்வித்தாள் என்று சொல். அவர் எனக்கு ஏசி எழுதட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டிவிடு.

பீற்றிஸ்

*

மருதானை
17.12.1972

என் தங்கச்சிக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தியவற்றை வாசித்தாயோ தெரியாது.

அம்மாவின் தந்தி கிடைத்து அடுத்த ரயிலிலேயே வந்தேன். ஆஸ்பத்திரியில் உன் வார்டு வாசலில் ஹெக்டர் நின்றார். நான்கைந்து நாள் சவரம் செய்யாத முகம். "இப்ப வேணாம் அக்கா. அவ உங்களப் பாக்க ஏலாதெண்டு சொல்றா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். ஜன்னலால் உன் கட்டில் கால் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பின்னேரம் முழுக்க மாமரத்துக்குக் கீழே இருந்துவிட்டு, திரும்பி வந்தேன்.

வலது கண் இனிப் பார்க்காது என்று அம்மா எழுதியிருக்கிறார். அதை வாசித்த பிறகும் நான் கடைக்குப் போகிறேன், வருகிற பெண்களின் கண்ணை விரித்து லென்ஸ் வைக்கிறேன். என் கை நடுங்கவில்லை. நடுங்காத இந்தக் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

என்ன நடந்தது என்று எழுது. ஏசியாவது எழுது.

பீற்றிஸ்

*

தன்னாமுனை
21.01.1973

அக்காவுக்கு,

கேட்கிறாய், எழுதுகிறேன்.

மரித்தோர் திருநாளன்று சேமக்காலைக்குப் போனோம். மாமனாரின் கல்லறையில் மாமி மெழுகுதிரி வைத்தார். மழை தூறிக்கொண்டு காற்றும் அடித்தது. புகையெல்லாம் என் முகத்துக்கு வந்தது. கண்ணைச் சிமிட்டியதும் வலது லென்ஸ் கழன்று என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கத்தில் மாமி, மறுபக்கத்தில் அவர். மருந்துத் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் போய்ப் போடலாமென்றால், வழியில் குழியும் கல்லும், தடுமாறினால் கேட்பார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, லென்ஸை நாக்கில் வைத்து எடுத்துக் கண்ணில் போட்டேன்.

செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் எனக்கு மனப்பாடம்.

பின்னேரம் வரையும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கழற்றவில்லை. கழற்றியபோது கண்ணுக்குள் நெருப்பு. விடியலில் இமை ஒட்டிப்போய்ச் சீழ் வடிந்தது. மாமி கண்ணோய் என்று நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிந்து விட்டார். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். சொல்லவில்லை. கறுப்பு விழியில் வெள்ளைப் புள்ளி வந்த பிறகுதான் அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்க என்ன வச்ச நீங்க?" என்று கேட்டார்.

எனக்கு முந்தி அவர் சொன்னார், "ஒண்டும் வைக்கல்ல டொக்டர். அவவுக்குக் கண்ணில ஒரு குறையுமில்ல. கொழும்பில சுகமாக்கினது."

எனக்காகச் சொன்னார் அக்கா. முழு நம்பிக்கையோடு. அப்போதுதான் நான் அழுதேன். அவர் இவ்வளவு காலமும் நான் அழுததாக நினைத்துக்கொண்டிருந்தாரே, அவர் முன்னால் உண்மையாக நான் அழுதது அதுதான் முதல் முறை. எல்லாவற்றையும் அந்த டொக்டர் முன்னாலேயே சொன்னேன்.

என் புருசன் வெளியே போனார். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்தார். அன்று முழுக்க எழும்பிப் போகவில்லை.

உன் நாலாந்திகதிக் கடிதமும் பார்சலும் நான் வார்டில் இருக்கும்போது வந்தன. அவர் பிரிக்காமல் வைத்திருந்து, கட்டு அவிழ்த்த பிறகு தந்தார். "சொல்லிவிடு" என்று எழுதியிருந்தாய். ஆவணியில் நான் உன்னிடம் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

வலது கண் வெள்ளைப் பூ விழுந்து கிடக்கிறது. இடது கண்ணுக்குப் பழைய கண்ணாடி. உலகம் மறுபடி சின்னதாகிவிட்டது. மாமி பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல் கையைப் பிடித்துப் படி காட்டுகிறார். ஏசவில்லை. நீ எழுதியதுபோல் ஒருவரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை அக்கா. அதை நினைத்தால்தான் உன்மேல் வருகிற கோபம் ஆறுவதாயில்லை.

இனி எழுதாதே என்று எழுத நினைத்துத்தான் தாளை எடுத்தேன்.

மேர்சி

*

மருதானை
11.02.1973

மேர்சிக்கு,

எழுதாதே என்று நீ எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன், கேட்டால் தரவேண்டிய பாரமும் உனக்காகிவிடும்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நான் செய்தேன். ஆனால் உன்னைப் பார்க்க வந்த நாளில் அந்த வீட்டார் தோற்க வேண்டும் என்றும் எனக்கு ஆசை இருந்தது. என் கண்ணாடியைக் கழற்றிய மனிசிக்குச் செய்ய முடியாததை உன் மாமிக்குச் செய்தேன். ஊசி கோத்த கதையை வாசித்துக் கடையில் சிரித்தேனே, அது உனக்காக வந்த சிரிப்பல்ல.

போன கிழமை நீர்கொழும்பிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். உன் வயதுதான். லென்ஸைப் போட்டதும் அவளும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாய் என்னைப் பக்கத்தில் இழுத்து, "மாப்பிள வீட்டுக்குத் தெரியாமப் பாவிக்கலாந்தானே மிஸ்?" என்றார். நான் பெட்டியை மூடிவிட்டேன்.

"ஏலாது அம்மா. இதக் கழட்டி வைக்க வீட்டில ஒரு இடம் வேணும். ஒளிச்சு வைக்கிற இடமில்ல. எல்லாரும் பாக்கிற இடம். அது இல்லாட்டி இதப் போட வேணாம்."

துரை வந்து ஏசினார். உன் வேலை லென்ஸ் வைப்பது, குடும்பம் நடத்துவதல்ல என்றார். அந்தப் பெண் என்னை முறைத்துப் பார்த்தாள். நான் உன்னிடமும் இப்படிச் சொல்லியிருந்தால் நீயும் அப்படித்தான் பார்த்திருப்பாய். பார்த்திருக்கலாம்.

இப்போது லென்ஸ் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் கை கழுவச் சொல்லுமுன் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறேன். சிலர் எழும்பிப் போய்விடுகிறார்கள். கடையில் என்னை எவ்வளவு காலம் வைத்திருப்பார்களோ தெரியாது.

உயிர்த்த ஞாயிறுக்கு வரவா? வேண்டாமென்றால் ஒரு வெறும் தபாலட்டை போடு. எனக்கு விளங்கும்.

பீற்றிஸ்

*

தன்னாமுனை
25.03.1973

அக்காவுக்கு,

தபாலட்டை வாங்கி வைத்தேன். மேலே விலாசமும் எழுதினேன். பிறகு நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல எனக்கு உன்னைவிட ஆளில்லை.

நேற்றுப் பின்னேரம் அவர் முற்றத்தில் இருந்து குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மாமி பூசைக்குப் போயிருந்தார். இத்தனை மாதமாக என் தொண்டையில் கிடந்ததைக் கேட்டேன்.

"என்னைக் கண்ணாடியோட கண்டிருந்தா முடிச்சிருப்பீங்களா?"

அவர் குடையைக் கீழே வைத்தார்.

"கண்ணாடியோடதான் கண்ட நான்" என்றார். "கலியாணத்துக்கு முந்தின வருசம். புளியந்தீவுக் கோயில் வாசல்ல. மழைக்க நனைஞ்சு வந்து கண்ணாடியக் கழட்டிச் சேலையில துடைச்சிக்கிட்டு நிண்ட நீ. என்னை ஆரெண்டு நினைச்சியோ, பாத்துச் சிரிச்ச நீ. அதுக்கு மறுகா நான்தான் உங்கட பெரியம்மாட்ட ஆள் அனுப்பின."

முதல் முறை கேட்டு அனுப்பியது மாமியென்றுதானே நாம் நினைத்திருந்தோம்.

"அம்மா கண்ணாடியெண்டு கேள்விப்பட்டதும் வேணாமெண்டா. புள்ளைகளுக்கும் வருமெண்டா. நான் ஒண்டும் பேசல்ல. அம்மாவ எதுத்துப் பேசிப் பழக்கமில்ல எனக்கு. கொழும்பில சுகமாயிற்றெண்டு பெரியம்மா வந்து சொன்னபோது, சரி, பேசாம இருந்ததுக்குப் பலன் கிடைச்சிற்றெண்டு சந்தோசப்பட்டன்."

பிறகு குடையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு அவ கண்ணாடியோடயே போதும் அம்மா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, உன்ட கண் இருந்திருக்கும்."

எனக்கு ஆறுதலாக இருக்குமென்று சொன்னாரோ, தன் பாரத்தை இறக்கினாரோ தெரியாது. எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை அக்கா. ஊசி கோத்த அன்று அவர் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் விளங்குகிறது. வெட்கமென்று நினைத்து நான் ஆசைப்பட்டேன். வெட்கந்தான், ஆனால் நான் நினைத்த வெட்கமல்ல.

நான் அவரை ஏசவில்லை. ஏச எனக்கு என்ன இருக்கிறது? உன்னையும் அவரையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று பேரும் ஒரே பிழையைத்தான் செய்திருக்கிறோம். மூன்று பேரும் மற்றவருக்கு நல்லது என்று நினைத்தே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை கொடுத்தது என் கண்.

இருட்டும் வரையும் முற்றத்தில் அப்படியே இருந்தோம். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில், அவரோடு இருக்கும்போது எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது நேற்றுத்தான். அது எவ்வளவு இலேசான காரியம் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. இந்த முறை "ஏன் அழுற" என்று அவர் கேட்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு வா. ஸ்டேசனுக்கு அவர் வருவார். மாமி உனக்கென்று தனியாகச் சமைக்க மாட்டார், முகம் திருப்பவும் மாட்டார். என் கண்ணைப் பார்த்ததும் அழாதே, அழுதால் உன்னை ஆற்றுகிற வேலையும் எனக்கு வரும். நான் உன்னோடு பேசுவேன். வந்த அன்றே பேசுவேன் என்று எதிர்பார்க்காதே.

மேர்சி